பதிவேட்டில் இல்லை என்று நான் எழுதியது

ஆவண அறைக்கு மாற்றல் ஆணை வந்ததும் உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான்கு பேர் வந்திருப்பார்கள். தூசி, கரையான், மழைக்கு ஒழுகும் கூரை, பகலிலும் விளக்குப் போட்டுத் தேட வேண்டிய இடுக்குகள் என்று அடுக்கியிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பதினாறு ஆண்டுகள் நீதிமன்ற ஆவண அறை ஒன்றில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போதும் காலையில் எழுந்ததும் ஒரு பாடு இருமி முடித்த பிறகுதான் மற்ற வேலைகள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தூசியைப் பற்றிச் சொல்வதற்காக அல்ல. அந்த அறையில் இருப்பவர் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு, ஒரே வரியில், முத்திரையோடு முடிந்துவிடும். நான் அதைச் செய்திருக்கிறேன். நீங்கள் செய்வதற்கு முன்னால் அது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் சிறிது பின்னணி. தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை வரையிலான நம் கடற்கரையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எழுதிவைத்த உயில்களுக்கு ஒரு காலம் வரை நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. பிறகு திருத்தம் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியது. புரொபேட் என்றால், இந்த உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் சான்றளித்து, அதை நிறைவேற்றும் பொறுப்பாளர் என்று உயிலில் குறிக்கப்பட்டவருக்கு அதிகாரம் வழங்கும் ஆணை. அசல் உயில் முத்திரையிட்ட உறையில் நம்மிடமே தங்கிவிடும். வெளியே போவது நகல் இணைத்த ஆணை மட்டும். வீட்டில் அந்த ஆணை தொலைந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது நம் அலமாரியில் இருக்கும் கட்டு ஒன்றுதான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரியும். தெரிந்திருந்தும்தான் நடந்தது.

ஒரு நாள் மதியம் சேவியர் என்பவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஐம்பதை நெருங்கியவர். சொந்த ஊர் பெரியதாழை. அவருடைய அத்தை திரேசம்மாள் அங்கே ஒரு வீட்டை விட்டுவிட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இறந்துபோனார். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த கணவர் அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அத்தை வளர்த்த பெண் ஜெசிந்தா அந்த வீட்டில் இருக்கிறாள். ஜெசிந்தா அத்தையின் தங்கை மகள், சேவியருக்கும் அத்தை மகள்தான்.

“உயில் எழுதி வச்சிட்டுத்தான் பெரியம்ம செத்தாவன்னு அவ சொல்லுதா. சொல்லுதாளே தவிர ஒரு காயிதமும் காட்ட மாட்டுக்கா. நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம். இருந்துச்சின்னா நான் ஒத்த வார்த்த பேச மாட்டேன். அத்த சொன்னது சொன்னதுதான். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க, எங்கப்பா பாதிய நான் கேட்டுக்கிடுதேன்.”

நேர்மையான பேச்சு. அவர் சொன்ன கணக்கும் சட்டப்படி சரி. உயில் இல்லாவிட்டால் அந்தச் சொத்து இறந்தவரின் தம்பி வழிக்கும் தங்கை வழிக்கும் பாதிப்பாதியாகப் போகும். அவர் மனுவை வாங்கிக்கொண்டு பதிவேட்டின் பெயர் அட்டவணையை எடுத்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெயர் அட்டவணையில் இருப்பது இறந்தவரின் பெயர் அல்ல. நீதிமன்றத்துக்கு மனுப் போட்டவரின் பெயர். புரொபேட் மனுவைப் போடுபவர் உயிலின் பொறுப்பாளர். ஆகவே தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, யார் இறந்தார் என்பதற்கு அடுத்து, யார் மனுப் போட்டிருப்பார் என்பது. எனக்கு இந்தக் கேள்வியும் தெரியும். ஆனால் அதை நான் சேவியரிடம் கேட்கவில்லை, எனக்குள்ளேயே கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டேன். நான் சாத்தான்குளம் பக்கத்து மிஷன் பள்ளி ஆசிரியர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீடுகளில் உயிலின் பொறுப்பாளர் என்றால் தம்பி, அல்லது தம்பி மகன், அல்லது படித்த மருமகன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். திரேசம்மாளின் தம்பியின் பெயர், கணவர் வழியில் மூன்று பெயர்கள், ஜெசிந்தாவின் பெயர், அவள் அம்மாவின் பெயர் என்று ஆறு பெயர்களை, இறந்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குத் தேடினேன். அரை நாள் ஆயிற்று. சோம்பேறித்தனமாகத் தேடியதாக என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. தேடி முடித்து, மனுவின் பின்பக்கத்தில் எழுதினேன்: “மேற்படி இறந்தவரின் உயில் தொடர்பான வழக்கு எதுவும் பதிவேட்டில் இல்லை.”

சேவியர் அதை வாங்கி அங்கேயே நின்று படித்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. “அப்பம் அவ பொய்தான் சொல்லிருக்கா” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தாளைச் சேர்த்து அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருந்த நீதிமன்றத்தில் அது இரண்டு ஆண்டுகள் நடந்தது. இடையில் ஜெசிந்தாவின் வக்கீல் தரப்பிலிருந்தும் புரொபேட் நகல் கேட்டு ஒரு மனு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஊரும் பெயரும் நினைவுக்கு வந்தன. பழைய கோப்பை எடுத்து, நான் எழுதியதையே பார்த்து, அதே வரியை மறுபடி எழுதி அனுப்பினேன். இந்த முறை பதிவேட்டைத் திறக்கவே இல்லை. முதல் தவறை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு எனக்கு இன்றுவரை ஒரு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

ஜெசிந்தாவின் வக்கீலிடம் ஒரு குமாஸ்தா இருந்தார், நீதிமன்ற வளாகம் முழுக்க அண்ணாச்சி என்று அழைக்கப்படுபவர். வழியில் என்னைக் கண்டால் விடமாட்டார். “மேடம் எழுதுன ‘இல்லை’க்குக் கோர்ட்டுல இருக்குற மரியாத, நான் ‘இருக்கு’ன்னு சொன்னா எங்க வீட்டுல கூட இல்ல” என்பார். நான் சிரித்துக்கொண்டு போவேன். அது கேலியாக மட்டும் இருந்ததா, எனக்கு ஏதாவது உறைக்குமா என்று அவர் பார்த்தாரா, தெரியாது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அந்த அண்ணாச்சி ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். கருவாட்டு வியாபாரம் செய்பவர் என்று பின்னால் தெரிந்தது. நகல் மனுவோடு தவறுதலாக இணைத்துவிட்ட திரேசம்மாளின் இறப்புச் சான்றிதழின் அசலைத் திரும்ப வாங்க வந்திருந்தார்.

“எதுக்கு இப்பம் அவசரமா வேணும்?” என்றேன்.

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். “சனிக்கிழம மக்கள் நீதிமன்றத்துல சமாதானம் மேடம். வீட்ட வித்துப் பாதிப்பாதி. ஒப்புக்கிட்டாவ. உங்க காயிதத்த வச்சிக்கிட்டு வேற என்ன செய்ய முடியும்?”

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அது எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். ஜெசிந்தாவுக்குத் தெரியுமா என்று பார்த்தேன். அவர் அறையின் அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுக் காயிதம் இருக்கு” என்றார். “இதுல எங்க பெரியம்ம காயிதம் மட்டும் இல்லாமப் போச்சு. சாமி கோர்ட்டுக்கு வந்து எல்லாம் முடிச்சிட்டு வந்து எங்கிட்ட சொன்னாவ மேடம். ‘ஏளா, இனி வீடு உனக்குத்தான், நல்லாப் படி’ன்னாவ. நான் அப்பம் ஒம்பதாங்கிளாசு. ஆர்டர் காயிதம் அவியட்டயே இருந்து போச்சு. பொய்யா சொல்லுவாவ?”

“எந்தச் சாமி?”

“பங்குச் சாமிதான். எங்க ஊருல உயில்னா சாமிட்டதான் குடுப்பாவ. சொந்தக்காரனுவள யாரு நம்புவா? ஒருத்தன்ட்ட பொறுப்பக் குடுத்தா இன்னொருத்தன் சண்டைக்கு வருவான். சாமின்னா பிள்ளகுட்டி கெடையாது, பங்கு கேக்க மாட்டாவ. அவியதான் எல்லாருக்கும் நின்னு முடிச்சிக் குடுப்பாவ.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாமலே எழுந்து நின்றேன். பங்குக் குருவானவர். மனுப் போட்டவர் அவர். பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். உயில் இந்த அறையில்தான் எங்கோ இருக்கிறது, ஊர்க்காரர் யாருடைய குடும்பப் பெயரும் இல்லாமல்.

“அந்தச் சாமி பேரு என்ன?”

“பேரா?” ஜெசிந்தா அண்ணாச்சியைப் பார்த்தார். “சாமிக்குப் பேருன்னு தனியா என்ன மேடம், சாமிதான்.”

ஜெசிந்தா தன் ஊருக்குப் பேசினார். கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எடுத்தார். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமீது வைத்தோம்.

“பெரியம்ம சாவும்போது இருந்த சாமியா? அது புல்லட்டுச் சாமியில்லா?” என்றார் உபதேசியார்.

பின்னாலிருந்து வேறொரு குரல்: “புல்லட்டுச் சாமி அதுக்கப்புறம்லா வந்தாவ. அப்பம் இருந்தது சுருட்டுச் சாமி.”

“சுருட்டுச் சாமி புயலுக்கு முந்தி. வெவரம் தெரியாம இடையில பேசாத ஓய்.”

“நான் பூச உதவுன ஆளு, எனக்கு வெவரம் தெரியாதா? சுருட்டு வாங்கிட்டு வந்து குடுத்ததே நான்தான்.”

என்னிடம் ஒன்றரை நாள்தான் இருந்தது. நான் குனிந்து கைப்பேசியில் சொன்னேன்: “ஐயா, அடக்கப் பதிவேடு இருக்கும். திரேசம்மாளை அடக்கம் செய்த நாளில் கையெழுத்துப் போட்டிருக்கும் குருவானவர் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.”

“அது பழசு, மேல பரண்ல கெடக்கும். காலையில எடுத்துச் சொல்லவா?”

“இன்றைக்கே வேண்டும்.”

ஜெசிந்தா இடைமறித்தார். “மாமா, ஏணியப் போட்டு எடுங்க. சனிக்கிழம என் வீடு போவப்போவுது.”

அரை மணி நேரத்தில் பெயர் வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் நூறு முறை யோசித்திருந்தாலும் என் பட்டியலில் வந்திருக்காது. அட்டவணையைத் திறந்தேன். திரேசம்மாள் இறந்ததற்கு மறு ஆண்டில், முதல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அதே பக்கத்தை என் விரல் கடந்துபோயிருந்தது. அழிக்கக் கூடாத கட்டுகளுக்கான அலமாரியில், எண் போட்ட இடத்தில், யாரும் தொடாமல் கட்டு அப்படியே இருந்தது. மேலே மனு, அதன் பின் ஆணை. வீடு ஜெசிந்தாவுக்கு என்று மனுவிலேயே சொல்லப்பட்டிருந்தது. அசல் உயில் அரக்கு முத்திரை வைத்த உறையில். அதை நீதிபதியின் ஆணை இல்லாமல் நாம் பிரிக்கக் கூடாது. பிரிக்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் ஜெசிந்தா அழவில்லை. சத்தமும் போடவில்லை. “அப்பம் ரெண்டு வருசமா இங்கனதான் கெடந்துச்சா?” என்றார். ஆமாம் என்றேன். ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அலுவலகத் தலைவரான சிரஸ்தாரிடம் போனேன். நல்ல மனிதர், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“மேடம், நான் சொல்லுதத கேளுங்க. அந்தப் பொம்பளயோட வக்கீல புதுசா ஒரு நகல் மனு போடச் சொல்லுங்க, சாமியார் பேர்ல. நகல் குடுங்க. அவங்க அத வச்சி சமாதானத்த நிறுத்திக்கிடட்டும். வீடு தப்பிச்சிரும். பழைய காயிதம் பழசாவே கெடக்கட்டும். நீங்களா போயி ஏன் கழுத்த நீட்டுதிய? ஓய்வுக்கு எத்தன வருசம் இருக்கு?”

“ஆறு.”

“பெறவு?”

அவர் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். அந்த வழி அவ்வளவு மோசமானதும் அல்ல. வீடு தப்பிக்க வேண்டும் என்பதுதானே வேண்டியது? ஒரு மணி நேரம் என் இடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று நான் எடைபோட்டதை உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இதுபோன்ற ஒரு மணி நேரம் உங்களுக்கும் வரும்.

நகலை மட்டும் கொடுத்துவிட்டு நான் வாய் மூடியிருந்தால், நாளை வழக்கில் ஒரே அலுவலகத்தின் இரண்டு தாள்கள் இருக்கும். இல்லை என்று ஒன்று, இருக்கிறது என்று ஒன்று, இரண்டிலும் என் கையெழுத்து. சேவியரின் வக்கீல் எழுந்து, இரண்டு ஆண்டுகளாக இல்லாத கட்டு சமரசத்துக்கு முதல் நாள் எப்படி முளைத்தது என்று கேட்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். சந்தேகம் என்மேல் விழுந்தால் பரவாயில்லை. அது உயில்மேல் விழும். ஜெசிந்தாவின் வீட்டை நான் இரண்டாவது முறை தட்டிப்பறித்ததாக ஆகும். பிறகு சேவியர். அவர் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வழக்குப் போட்டார். உயில் இருந்தால் பேச மாட்டேன் என்று சொன்ன மனிதர். எதிரிகள் சேர்ந்து ஒரு கட்டைச் செருகிவிட்டார்கள் என்று அவர் சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார். அதற்கும் காரணம் நான்தான்.

மதியத்துக்குள் மாவட்ட நீதிபதிக்கு மூன்று பக்க அறிக்கை எழுதினேன். எந்தெந்தப் பெயர்களில் தேடினேன், எந்தப் பெயரில் தேடவில்லை, ஏன் தேடவில்லை, இரண்டாவது மனுவுக்குப் பதிவேட்டையே பார்க்காமல் பதில் எழுதியது, வியாழக்கிழமை யார் யார் அறையில் இருந்தார்கள், கட்டு எந்தத் தட்டில் இருந்தது, எல்லாம் எழுதினேன். இரண்டாவது மனுவைப் பற்றிய பத்தியை எழுதும்போது கை நின்றது. அதை விட்டாலும் அறிக்கை முழுமையாகவே இருப்பதுபோல் தோன்றியது. எழுதினேன்.

நீதிபதி அறிக்கையைப் படித்துவிட்டு, “உட்காருங்கள்” என்று சொல்லவில்லை. கட்டைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார், வழக்கு நடந்த கீழ்த்தள நீதிமன்றத்துக்குக் குறிப்பு அனுப்பினார். சனிக்கிழமை சமரசம் நடக்கவில்லை. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பின்னர் அது கண்டனத்தோடு முடிந்தது. அலுவலகத்தில் சிலர் என்னைப் பாராட்டினார்கள். சிலர், குறிப்பாக என் வயதொத்தவர்கள், என் அறைப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களுடைய பழைய தாள்களையும் யாராவது புரட்டத் தொடங்குவார்களே.

வழக்கில் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். இருபது ஆண்டுகள் நீதிமன்றத்துக்குள் நடமாடியிருந்தும் கூண்டில் ஏறியது அன்றுதான் முதல் முறை. சேவியரின் வக்கீல் இளைஞர், நல்ல தயாரிப்போடு வந்திருந்தார். கட்டு எப்படி முளைத்தது என்ற கேள்வியைக் கேட்டார். அறிக்கையில் எழுதியிருந்ததையே சொன்னேன். அட்டவணைப் பக்கத்தைக் காட்டினேன். மை பழையது, வரிசை எண் பிசகவில்லை, அடுத்த வழக்கும் முந்தைய வழக்கும் அந்தந்த இடத்தில் இருந்தன. அந்த வழி அடைபட்டதும் அவர் வேறு பக்கம் திரும்பினார்.

“உங்கள் பணிக்காலத்தில் இப்படி ‘பதிவேட்டில் இல்லை’ என்று எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்திருப்பீர்கள்?”

“தெரியாது.”

“அவற்றில் எத்தனை தவறு?”

“அதுவும் தெரியாது” என்றேன்.

என்னை மடக்குவதற்காகக் கேட்ட கேள்வி. அவருக்கு அதனால் பயன் எதுவும் கிடைக்கவில்லை. அது என்னோடுதான் வீட்டுக்கு வந்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை, வேலை இல்லாத பிற்பகல்களில், திருப்பி அனுப்பிய பழைய மனுக்களின் கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி தேடினேன். இன்னும் ஏழு கட்டுகள் கிடைத்தன. எல்லாம் கடற்கரை ஊர்கள், எல்லாம் ஏதோ ஒரு குருவானவரின் பெயரில். ஏழு பேருக்கும் கடிதம் அனுப்பினேன். இரண்டு பேர் வந்தார்கள். மூன்று கடிதங்கள் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பிவந்தன. மற்ற இரண்டும் என்னவாயின என்று தெரியவில்லை. நான் தேடி முடிக்காத கோப்புகள் இன்னும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. முடிந்தால் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. வருபவரிடம் கேளுங்கள். அவர் வீட்டில், அவர் ஊரில், இப்படிப்பட்ட காரியத்துக்கு யார் முன்னால் நிற்பார்கள் என்று கேளுங்கள். விளாத்திகுளம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்கு ஒரு பதில் இருக்கும், நாசரேத் ஆசிரியர் குடும்பத்துக்கு ஒன்று, பெரியதாழைக்கு வேறொன்று. உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்து அவர்கள் வீட்டுக் காகிதத்தைத் தேடாதீர்கள். கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இருந்தாலும் இன்னின்ன பெயர்களில், இன்ன ஆண்டுகளுக்கு, இன்ன பதிவேட்டில் தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நான்கு வரி கூடும். அந்த நான்கு வரியைப் படிக்கும் யாராவது ஒருவர், சாமி பெயரில் பார்த்தீர்களா என்று கேட்க வாய்ப்பு இருக்கும். என் ஒற்றை வரியில் அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

நான் சாட்சி சொன்ன அதே நாளில் வழக்கை விசாரித்த நீதிபதி முத்திரையை உடைத்து உயிலைத் திறக்கச் செய்தார். நீதிமன்ற எழுத்தர் வாசித்தார். திரேசம்மாள் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய உயில், ஒன்றரைப் பக்கம். வீடு ஜெசிந்தாவுக்கு. தையல் இயந்திரமும் அவளுக்கே. கடைசிப் பத்தி இது: “மேற்படி வீட்டின் முன்னறையில் என் தம்பி மகன் சேவியர் கோயில் திருநாளுக்கு வரும்போதெல்லாம் தங்கிக்கொள்ள விட வேண்டியது. அவனை வெளியாளாக நினைக்கக் கூடாது. இது என் உத்தரவு.”

ஜெசிந்தா ஒரு பக்க இருக்கையிலும் சேவியர் மறுபக்க இருக்கையிலும் இருந்தார்கள். இருவரும் எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் சாட்சிக் கூண்டில் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. பொய்க்காரி, எச்சில் சோற்றுக்காரி, திருடன் என்று, தட்டச்சில்.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஒரு மாதம் கழித்துச் சேவியர் தீர்ப்பு நகலுக்கு வந்தார். மேலும் ஒரு மனு வைத்திருந்தார், உயிலின் நகலுக்கு.

“அப்பீல் போகிறீர்களா?” என்றேன்.

“அப்பீலா? இருந்துச்சின்னா பேச மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்லா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். “நீங்க அன்னைக்கு இத எடுத்துக் குடுத்திருந்தா, நான் நேரா ஊருக்குப் போயி அவட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன் மேடம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“அந்த முன்னறை விசயம் எழுதிருக்கே. அது செல்லுமா?”

“செல்லும். உயில் முழுவதும் செல்லும்.”

“அவ கதவத் தொறக்கலன்னா?”

“நீதிமன்றத்தில் மனுப் போடலாம்” என்றேன். கேட்டவருக்குச் சட்டப்படியான பதிலைச் சொல்லிப் பழகிய வாய்.

அவர் லேசாகச் சிரித்தார். “போட்டு? ஆர்டர் வாங்கி, அமீனாவக் கூட்டிக்கிட்டுத் திருநாளுக்குப் போவணுமா?”

நகல்களுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவர் போன பிறகுதான் மனுவைப் பார்த்தேன். உயில் நகல் எதற்காகத் தேவை என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். அப்படி வரும் மனுவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவரை மறுபடி கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ‘சொந்த உபயோகத்துக்கு’ என்று நானே எழுதி மனுவை ஏற்றுக்கொண்டேன்.